மூன்று மில்லிமீட்டர் துரோகம்

“எட்டு பிராக்கெட்டும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாம உக்காரும். பிசகினா இந்த ஷெட் உனக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன்!”

பூதக்கண்ணாடி இப்படிச் சபதம் செய்தபோது அவர் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரிங்க” என்றாள்.

வினை அந்த ‘சரிங்க’வில்தான் ஆரம்பித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. மழை பெய்கிறது என்று இவர் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். அப்படிப்பட்டவள் இத்தனை பெரிய பந்தயத்துக்கு ஒரே வார்த்தையில் சரி என்றால் மனிதனுக்குத் தூக்கம் வருமா?

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸில் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது அவர் உத்தியோகம். கடை எரிந்துவிட்டது என்று ஒருவன் அழுதுகொண்டு வந்தால், அவன் கண்ணைத் துடைக்கிற கைக்குட்டை புதுசா பழசா என்று பார்ப்பார். நகை திருட்டுப் போய்விட்டது என்றால், திருடன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தானா என்று கேட்பார். இத்தனை வருஷ அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த வேதவாக்கு ஒன்று உண்டு. கேட்கிற தொகையும் காட்டுகிற ரசீதும் சல்லிக்காசு பிசகாமல் பொருந்தினால் அது நிச்சயம் மோசடி. நிஜம் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்.

இப்படி நாளெல்லாம் பொய்யோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, தன் கையால் நேர்மையான பொருள் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் கார். சொந்தமாக, அடியிலிருந்து. சதுரக் குழாய்களை அறுத்து, ஒட்டி, கட்டில் சட்டம் மாதிரி ஒரு சேஸிஸ் செய்து ஷெட்டில் நான்கு முக்காலிகள்மேல் நிறுத்தியிருந்தார். மூன்று வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் அதைத் தடவிக் கொடுப்பார். சொந்தப் பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவிக் கொடுத்ததில்லை என்று மனைவி சொல்வதுண்டு. பிள்ளை வேலை கிடைத்து வெளியூர் போனபின் தடவிக் கொடுக்கச் சேஸிஸ் மட்டும்தான் மிச்சம்.

மனைவிக்கு ஷெட் வேண்டும். தையல் வகுப்பு எடுக்கிறாள். கூடத்தில் இரண்டு மெஷின், கட்டில்மேல் வெட்டிய துணி, சோபாவில் காஜா எடுக்காத சட்டைகள், தரையில் குண்டூசி. பூதக்கண்ணாடியின் பாதம் குத்துப்படாத நாளே இல்லை. கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் சமையலறை வாசல்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஷெட்டில் ஆறு மெஷின் போடலாம், நல்ல வெளிச்சம், தனி வாசல். அவள் கேட்டாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். அதற்குத்தான் இந்தப் பந்தயம்.

பிராக்கெட் என்பது வேறொன்றுமில்லை. சக்கரத்தைத் தாங்குகிற கை சேஸிஸில் வந்து மாட்டுகிற காது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு காது. அந்தக் காது இடது பக்கம் எங்கே இருக்கிறதோ, வலது பக்கமும் கண்ணாடியில் பார்த்தமாதிரி அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் முன்னால் போகும், ஒன்று பின்தங்கும். வண்டி நேரே போகச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

“ஒரு மில்லி ரொம்பக் கெடுபிடிங்க” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. “மூணு வச்சுக்கங்களேன்.”

“மூணா? எனக்கு எதுக்கு நீ சலுகை குடுக்கற?”

“பாவமா இருக்கு, அதான்.”

“ஒண்ணுன்னா ஒண்ணுதான்!”

“சரிங்க.”

இரண்டாவது சரிங்க. பூதக்கண்ணாடி அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

யார் அளந்து தீர்ப்புச் சொல்வது? அடுத்த வீட்டு சர்வேயர். நிலம் அளந்து அளந்து நடக்கும்போதுகூட அடியை எண்ணி வைக்கிற மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அளப்பது, அதுவரை அவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை பூதக்கண்ணாடி ஷெட்டில் நடுக்கோட்டுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி டீயோடு வந்தாள். மூன்று வருஷத்தில் ஷெட்டுக்கு டீ வந்தது அதுதான் முதல் தடவை. கூடவே ஒரு ஸ்டூல்.

“குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும். உக்காந்து பண்ணுங்க.”

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை பூதக்கண்ணாடிக்குத் தெரியும். டீயை முகர்ந்து பார்த்தார். ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“என்னங்க தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல. எதுக்கு இந்த உபசாரம்?”

“எனக்கு ஷெட் வேணும். நீங்க தோக்கணும். அதுக்குத்தான்.”

பூதக்கண்ணாடி வாய்விட்டுச் சிரித்தார். குற்றவாளி என்றைக்காவது தானே வந்து நோக்கத்தைச் சொல்வானா? அப்படியானால் நோக்கம் அதுவல்ல. டீயில் ஒன்றுமில்லை என்று தீர்மானித்துக் குடித்தார். நன்றாகவே இருந்தது. அது இன்னும் கவலையாக இருந்தது.

அன்று முதல் ஷெட்டுக்குப் பூட்டு. சாவி இடுப்பில். ஆபீஸுக்குக் கிளம்புமுன் கதவு இடுக்கில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தார். கதவைத் திறந்தால் முடி அறுந்துவிடும், தொழில் ரகசியம். தலையில் இருந்த கையிருப்பே கொஞ்சம்தான், அதிலிருந்து தினம் ஒன்று எடுப்பது பெரிய தியாகம். உள்ளே வாசலை ஒட்டி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். சாயங்காலம் வந்து பார்த்தால் முடி அப்படியே இருந்தது. பவுடரில் இருந்த ஒரே காலடி அவருடையது. வெளியே போகும்போது தானே மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்.

தடயமே இல்லை. தடயமே இல்லாவிட்டால் ஆள் கைதேர்ந்தவள் என்று அர்த்தம்.

மதில் ஓரமாக சர்வேயர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார்.

“சார், ஒரு சந்தேகம். எதிராளி சண்டையும் போடாம, தொந்தரவும் பண்ணாம, சிரிச்சிட்டே இருந்தா என்ன அர்த்தம்?”

“எல்லைத் தகராறுல சொல்றீங்களா?”

“அப்படித்தான் வச்சுக்கங்க.”

சர்வேயர் குழாயை மூடிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். “ஏற்கனவே கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டாச்சுன்னு அர்த்தம்.”

பூதக்கண்ணாடி ஷெட்டின் பூட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நன்றி சொல்லித் திரும்பியவர் கண்ணில் சர்வேயர் போட்டிருந்த கால்சட்டை பட்டது. போன வாரம் தொளதொளவென்று இருந்த அதே கால்சட்டை; இப்போது இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

“யார் சார் பிடிச்சுக் குடுத்தது?”

“உங்க வீட்லதான். எவ்வளவு சொல்லியும் காசே வாங்கலையே! தங்கமான மனசு.”

ஆக, நீதிபதியும் போயாச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பூதக்கண்ணாடிக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது.

வேலை மட்டும் சுத்தமாக நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ரசமட்டம் வைத்து சேஸிஸை மட்டம் பார்த்தார். தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் புள்ளி குறித்தார். இரண்டு காதுகளின் ஓட்டை வழியாகவும் ஒரே நீளக் கம்பியைச் செருகி, கம்பி கையால் சுழலுகிறதா என்று பார்த்து, பிறகுதான் வெல்டிங். அதுவும் முதலில் இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்த மாதிரி. சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு பொட்டு இந்தப் பக்கம், ஆறவிட்டு ஒரு பொட்டு அந்தப் பக்கம். பின்சக்கரக் காதுகள் நான்கும் கச்சிதம். இடது முன்சக்கரத்துக்கும் முடிந்தது. பின் குழாயிலிருந்து ஓட்டைவரை ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர். டேப்பின் நுனியைத் திருகு வைத்த ஒரு கிளாம்ப்பால் இறுக்கிவிட்டுத் தனியாளாகவே அளந்தார். அளவைச் சாக்பீஸால் எழுதினார். எழுதியது மனைவி கண்ணில் பட்டுவிட்டால்? எச்சில் தொட்டு அழித்துவிட்டு மனதில் மட்டும் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது வலது முன்சக்கர ஜோடி மட்டும். சனிக்கிழமை. விடுமுறை. மறுநாள் அளவை.

அங்கேதான் கிளாம்ப் கைவிட்டது. யாராவது கழற்றிவிடப் போகிறார்கள் என்று வெளியே போகும்போதெல்லாம் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று இறுக்கி வைத்ததில் மரை தேய்ந்துவிட்டது. டேப்பின் இரண்டு நுனிக்கும் ஓர் ஆள் ஓட முடியாது. நுனியை ஒட்டுக்காகிதத்தால் ஒட்டிப் பார்த்தார், கழன்றது. கல்லை வைத்துப் பார்த்தார். கல் உருண்டு காலில் விழுந்தது.

“நான் பிடிக்கட்டுமாங்க?”

வாசலில் மனைவி. கழுத்தில் தையல் டேப்பு, கையில் டீ.

“நீயா!”

“நாளெல்லாம் அளவெடுக்கறதுதானே என் வேலை. ஒரு அளவு சொல்ல மாட்டேனா?”

பூதக்கண்ணாடி யோசித்தார். வேறு வழியில்லை. சர்வேயரைக் கூப்பிடவும் முடியாது. கிட்டத்தில் வைத்துக்கொண்டால் கண்காணிக்கவாவது செய்யலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். பிராக்கெட்டுகளைக் கம்பியில் கோத்து, காந்தத்தால் குழாயில் ஒட்டவைத்து, பின்னால் போய் டேப்பின் பூஜ்யத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

“ஓட்டைக்கு நடுவுல பாத்துச் சொல்லு. எவ்வளவு?”

மனைவி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “ஆயிரத்து எண்ணூத்து அறுபத்திரெண்டு.”

பூதக்கண்ணாடி டேப்பின் நுனியை விடாமலே எட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு?”

“அறுபத்திரெண்டுங்க. சுத்தமா அறுபத்திரெண்டு. ஏன், தப்பா?”

தப்பா? அதுதானே சரி! ஆனால் முதல் தடவையிலேயே சரியாக வருமா? காந்தத்தை ஒட்டினதும் ஒட்டாததுமாக, ஒரு தட்டு தட்டாமல், நகர்த்தாமல்? அவர் வாழ்க்கையில் எது முதல் தடவையிலேயே சரியாக வந்திருக்கிறது? வேதவாக்கு மண்டைக்குள் மணியடித்தது. சல்லிக்காசு பிசகாமல் பொருந்தினால் மோசடி. அழித்த சாக்பீஸின் தடத்தை எப்படியோ படித்துவிட்டாள். அந்த எண்ணையே ஒப்பிக்கிறாள்.

“இடது பக்கம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?” என்றார், அலட்சியமாகக் கேட்பதுபோல.

“தெரியாதுங்க. சொல்லுங்களேன், சரிபாத்துக்கலாம்.”

“ஆஹா! சொல்வேன், சொல்வேன்.”

நிஜ அளவு என்னவாக இருக்கும்? இங்கேயும் அனுபவம் கைகொடுத்தது. கேட்கிறவர்கள் எப்போதும் உள்ளதைவிடக் கூட்டித்தான் கேட்பார்கள். கம்பெனியில் வெட்டுகிற வழக்கம்போல இங்கேயும் கொஞ்சம் வெட்ட வேண்டும். ரொம்பப் பேராசைக்காரி இல்லை. மூன்று மில்லிமீட்டர் கூட்டியிருப்பாள். அவள் மூணு வச்சுக்கங்களேன் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. எனவே உண்மை ஐம்பத்தொன்பதுதான். அதை அறுபத்திரண்டாக்க எழுந்து போய், ஜோடியை மூன்று மில்லிமீட்டர் முன்னால் தட்டினார்.

“ஏங்க, நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்கு நகத்தறீங்க?”

“உனக்குப் புரியாது.”

பொட்டு வைத்தார். அடுத்தது மூலைக்கு மூலை. இடது முன்னாலிருந்து வலது பின்னால் ஓர் அளவு; வலது முன்னாலிருந்து இடது பின்னால் ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சேஸிஸ் கோணவில்லை. மனைவி டேப்பைப் பிடித்து இரண்டையும் படித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைங்க. வலது முன்னால் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. பின்னால கொண்டாங்க.”

“எவ்வளவு கொண்டாறது?” பூதக்கண்ணாடியின் மீசை துடித்தது.

“மூணு மில்லி இருக்கும்.”

அகப்பட்டுக்கொண்டாள்! இவர் திருத்தியதை அப்படியே திருப்பச் சொல்கிறாள், அதுவும் மில்லிமீட்டர் பிசகாமல்! இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? இருந்தாலும் இவர் நியாயஸ்தர். தானே இந்தப் பக்கம் வந்து எண்ணைப் படித்தார். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மறுமுனை யார் கையில் இருக்கிறது? பிடித்திருக்கிறவள் நுனியை நகர்த்தினால் எண் நகராதா? சாட்சி எதிராளி கையில் இருக்கும்வரை சாட்சியே இல்லை.

“ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. இப்போ பொட்டுதானே வச்சிருக்கீங்க, தட்டி எடுத்துடலாம். முழுசா ஒட்டிட்டா அப்புறம் அறுக்கணும். நிஜமாத்தான் சொல்றேன், கோணலா இருக்கு.”

“நிஜமா சொல்றியா?”

“நிஜமா.”

அவ்வளவுதான். பூதக்கண்ணாடி முகமூடியை இறக்கிக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இவளே சுத்தியலை எடுத்துத் தட்டிவிடுவாள். சரசரவென்று பொறி பறக்க, ஆறவிடுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல், காதுகள் இரண்டையும் சுற்றிச் சுற்றி ஒட்டித் தள்ளினார். யானை கட்டி இழுத்தாலும் வராது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது மனைவி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். தோல்வியை மறைக்கத்தான் பாடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவருக்கு அவள்மேல் லேசாக இரக்கம்கூட வந்தது. ஆறு மெஷின் போடுகிற கனவு பாவம், ஒரு பொம்பளைக்கு இருக்கக்கூடாதா? வென்ற பிறகு ஷெட்டின் ஓரத்தில் ஒரு மெஷினுக்கு இடம் கொடுக்கலாம் என்று தாராளமாக முடிவு செய்தார்.

ஞாயிறு காலை சர்வேயர் இரும்பு டேப்பும் கண்ணாடியுமாக வந்தார். பூதக்கண்ணாடி இடுப்புச் சாவியை எடுத்து, கதவு இடுக்கில் முடி அறுபடவில்லை என்பதை அவரிடம் காட்டி, ஷெட்டைத் திறந்தார். மனைவி வாசற்படியில் நின்றாள், கைகட்டியபடி.

“டேப்பை நானும் நீங்களும்தான் பிடிக்கறோம். அவ கை படக்கூடாது” என்றார் பூதக்கண்ணாடி.

“பேஷா.”

பின்பக்கம் இடது: சரி. வலது: சரி. சர்வேயர் தலையாட்டினார். “அருமையா இருக்கு சார். நிலம்கூட இவ்வளவு நேரா நான் பாத்ததில்லை.” பூதக்கண்ணாடி மார்பை நிமிர்த்தினார். இடது முன்: ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. வலது முன்னால் சர்வேயர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

“மூணு மில்லி முன்னால இருக்கே சார்.”

“இருக்காது.”

“அறுபத்தஞ்சு. நீங்களே வந்து பாருங்க.”

பூதக்கண்ணாடி பார்த்தார். டேப்பை மாற்றிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அறுபத்தைந்து. மூன்று வருஷம் கண்ணாகப் பார்த்துச் செய்தது. உலகத்தில் கோணாத பொருள் ஒன்றாவது தன் கையால் வர வேண்டும் என்று செய்தது.

“நகத்திட்டா!” என்று கத்தினார். “இவதான் ராத்திரியோட ராத்திரியா நகத்திட்டா!”

“முழு வெல்டிங் சார் இது” என்றார் சர்வேயர். “இதை எப்படி நகத்தறது? பூட்டு உங்களோடது, சாவி உங்க இடுப்புல, முடியும் உங்க தலையோடது.”

“அப்போ நேத்து ஏதோ பண்ணியிருக்கா! ஏய், உண்மையச் சொல்லு. நேத்து நீ படிச்ச அளவு எல்லாம் என்ன? பொய்தானே?”

மனைவி படியிறங்கி உள்ளே வந்தாள். முதல் தடவையாக அவளும் சேஸிஸை மெல்லத் தடவினாள். பிறகு சுவர் நீளத்தைப் பார்த்தாள். மெஷின்களை எங்கெங்கே போடுவது என்று மனசுக்குள் அளக்கிறாள் என்பது தெரிந்தது.

“ஒண்ணுகூடப் பொய் இல்லைங்க. அறுபத்திரெண்டுன்னு சொன்னேன், அறுபத்திரெண்டாத்தான் இருந்துச்சு. நகத்தாதீங்கன்னேன், நகத்தினீங்க. கோணலா இருக்குன்னேன், ஒட்டினீங்க. நீங்க தோக்கணும்னுதான் டீ கொண்டாரேன்னு முதல் நாளே சொன்னேனே.”

“அப்போ... நீ என்னதான் பண்ணின?”

“பொய் சொன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதாங்க?” என்றாள் மனைவி. “அதனாலதான் ஒண்ணு விடாம உண்மையையே சொன்னேன்.”